மதியம் தூங்காதவள்

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், கையெழுத்து அப்படிச் சொல்லவில்லை. போனில் பேசியிருக்கலாம்தான், ஆனால் பேசினால் நீ அழுவாய், நான் கடுகடுவென்று இருப்பேன், நடுவில் உன் அப்பா போனைப் பிடுங்கி அங்கே வெயிலா மழையா என்று கேட்பார், காரியம் ஒன்றும் நடக்காது, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. டாக்டர் திட்டினார். இவர் வீட்டுக்கு வந்து, முதல்ல அந்தாளு தொப்பையைக் குறைக்கட்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் தம்பி மறுபடி வேலையை விட்டுவிட்டான், மேனேஜர் சரியில்லையாம், இதுவரை ஒரு மேனேஜரும் அவனுக்குச் சரியாக அமையவில்லை. என் பரிசோதனைக் கூடத்தில் புதிதாக ஒன்றுமில்லை. பின்தெருத் தொட்டித் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறேன், அதிகாரி கையெழுத்துப் போட்டு உள்ளே வைக்கிறார், ஜனங்கள் அதையே குடிக்கிறார்கள், அடுத்த மாதம் நானும் மறுபடி எழுதுகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நீ சேவைக்குப் போயிருக்கிற அந்த இல்லத்துக் குழந்தைகளில் சில்வண்டு என்று நீ பெயர் வைத்திருக்கிறாயே, அவளை நம் வீட்டுக்குக் கூட்டி வந்து வளர்க்கலாம், நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்மா, மத்ததை நான் பார்த்துக்கறேன் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா படித்த கையோடு, ஒரு பிள்ளைக்குப் போடற சோத்துலயா நாம குறைஞ்சுடப் போறோம், வரட்டும்டி என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு உன் தம்பி அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் அளக்கப் போய்விட்டார். நான் என் வழக்கப்படி விசாரித்தேன். மாடி வீட்டு வக்கீலம்மா உன் வயதைக் கேட்டார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார், எந்த நாட்டுக் குழந்தை என்று கேட்டார், ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் குழந்தைக்கு அம்மா இருக்காங்களா என்றார். இருக்கிறாள், எப்போதாவது வந்து தலை வாரிவிட்டுப் போகிறாளாம் என்றேன். அப்போ அந்தப் பேச்சையே எடுக்காதீங்க மேடம், பெத்தவ உயிரோட இருக்கா, உங்க பொண்ணுக்கு நீங்களும் ஆசை காட்டாதீங்க என்றார். எனக்கு மனசு கேட்காமல் வேறு ஒரு வக்கீலிடமும் கேட்டேன், அவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார், அவர் காப்பியாவது கொடுத்தார். ஆகவே நீ கேட்ட வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் அது எதற்கும் உதவாது. இன்னொரு வருஷம் அங்கேயே இருக்கிறேன் என்று நீ கேட்டதற்கும், உன் கட்டிலை அடுத்து வருகிறவளுக்கு ஒதுக்கியாயிற்று என்று இல்லத் தலைவி சொல்லிவிட்டார் என்கிறாய். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்தார்.

உன் பழைய கடிதங்களை எடுத்து ஒருமுறை வரிசையாகப் படித்தேன். அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதையை ஆரம்பத்திலேயே எழுதியிருந்தாய். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாக் குழந்தைகளையும் கூடத்தில் படுக்க வைப்பீர்கள், இவள் ஒருத்தி மட்டும் உன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ம்ம்ம் என்று முனகிக்கொண்டே கிடப்பாள், அதட்டினால் நிறுத்துவாள், உடனே கண் சொருகும், பதறிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள், சரியான ராங்கிக்காரிம்மா என்று எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். பிறகு உன்னோடு வந்த பெண் கிளம்பியபோது, சேவைக்கு வருகிற யாராக இருந்தாலும் குழந்தைகள் மதியம் தூங்கும்போது பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும் என்பது அங்கே வழக்கம், ஒண்ணு அழுதா வீடே அழும், தெரியாம போறதுதான் அதுங்களுக்கு நல்லது என்பார் தலைவி என்று எழுதினாய். போன கடிதத்தில், சில்வண்டை அங்கே கொண்டுவந்து விட்ட அன்று அவள் அம்மாவும் பக்கத்தில் படுத்துத் தட்டித் தூங்க வைத்துவிட்டுத்தான் போனாள் என்று சமையல்காரம்மா சொன்னதாக ஒரு வரி இருந்தது. மூன்றையும் மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய், ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. அது ராங்கித்தனம் இல்லை. கண் மூடித் திறந்தால் ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தூக்கம் வந்துவிடக்கூடாது என்றுதான் முனகுகிறாள். உனக்குக் காவல் இருக்கிறாள். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவள் நான் என்று உனக்குத் தெரியும், இதை எந்தக் குடுவையில் போட்டுச் சோதிப்பது, ஆனால் வேறு காரணம் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பி வந்து கூட்டிப் போகிறேன் என்று நீ அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். அதைத் திரும்ப வாங்கிக்கொள். அவளுக்குப் புரிகிற பாஷையில், அவள் முகத்தைப் பார்த்து, நான் போகிறேன், வரமாட்டேன் என்று சொல். ஊருக்குப் போகிற அன்று அவள் விழித்திருக்கும்போது கிளம்பு, பெட்டியை அவள் கண் எதிரே தூக்கு, முன்வாசல் வழியாகப் போ. கத்துவாள், கடித்தாலும் கடிப்பாள். தலைவி கோபித்துக்கொள்வார், சான்றிதழில் நாலு நல்ல வார்த்தை குறையும், குறையட்டும். இதனால் அவளுக்கு என்ன நல்லது என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. நீ வந்த பிறகு அடுத்தவள் வருவாள், சில்வண்டு அவள் சட்டையையும் பிடித்துக்கொண்டு முனகுவாள், இல்லை ஒட்டவே மாட்டாள், இரண்டில் எது மோசம் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தியாவது சொல்லிவிட்டுப் போனாள் என்று இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் நம் கையில் ஒன்றுமில்லை.

நீயும் வேளைக்குச் சாப்பிடு. கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடாதே, இதையாவது நான் அதிகாரத்தோடு சொல்லலாம். ஆசீர்வாதம் எல்லாம் உன் அப்பாவின் இலாகா, எனக்கு அதில் நம்பிக்கை போதாது, ஆனாலும் என் கை உன் தலைமேல் இருப்பதாக வைத்துக்கொள், நன்றாக இரு. மறந்துவிடாதே, வண்டியை மதியத்துக்குச் சொல்லிவிடாதே. குழந்தைகள் எழுந்து, முகம் கழுவி, பால் குடித்து முடித்த பிறகு வரச் சொல்.

உன்
அம்மா