இடது பக்கம் சொன்னது

முடிச்சூர்
1-6-2025

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

நலம். நீயும் மாமாவும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையாகிறது. வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக்கைப் பார்த்து உனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதனால் ‘சொல்ல வேண்டியதைப் பேப்பர்ல எழுதுங்க, ஆற அமரப் படிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டாய். முடிச்சூரிலிருந்து அனகாபுத்தூருக்குத் தபால்! கவர் வாங்கி அங்கேயே விலாசம் எழுதியபோது, கவுண்டரில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்டாட்டி மாசி மாதம் பிறந்த வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை என்று அவரிடம் சொல்லவா முடியும்?

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. மோட்டார் ரிப்பேர். மேல்வீட்டுக்காரர் பைப் போட்டுத் தண்ணீர் கொடுக்கிறார். உன் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன், பயப்படாதே. போன வாரம் காலேஜ் வாசலில் ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டும்போது, இடது பக்கம் வந்த பஸ்ஸை நான் கவனிக்கவில்லை. மயிரிழையில் தப்பினேன். டிரைவர் தலையை நீட்டி, "இன்னாய்யா, எவ்ளோ நேரமா ஹாரன் அடிச்சிகினு வரேன், காது செவிடா?" என்றார். என்னோடு லேபில் வேலை பார்க்கும் சாலமோன் சார் கையோடு காது டாக்டரிடம் கூட்டிப்போனார். காதில் எதையோ மாட்டிச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். டிரைவர் சொன்னது சரிதான். என் இடது காது அறவே கேட்கவில்லையாம்.

"எத்தனை வருஷமா இப்படி?" என்றார் டாக்டர். "எனக்குத் தெரியாதே டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சின்ன வயசுல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார்.

உனக்குத்தான் அந்தக் கதை மனப்பாடம் ஆயிற்றே. நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எமன் வாசல்வரை போய்த் திரும்பினவன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது ஆடி மூன்றாம் வெள்ளி என்பதால், வருஷா வருஷம் அன்றைக்கு அம்மா அம்மன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறாள். நீயும் முந்திரி வறுத்துக் கொடுத்திருக்கிறாய். வந்த காய்ச்சல் அன்றோடு போயிற்று என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். போகும்போது ஒரு காதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

எந்த இயர்போன் வாங்கினாலும் இடது பக்கம் வேலை செய்யவில்லை என்று மொபைல் கடை சிட்டிபாபுவிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்! பாவம் அந்த மனுஷன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, சுப்ரஜா. பதில் எழுது.

அன்புடன்,
ஜெயகிருஷ்ணன்


அனகாபுத்தூர்
7-6-2025

திரு. ஜெயகிருஷ்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ் விஷயத்தைக் கேட்டதும் அம்மா உங்கள் பெயரைச் சொல்லித் திருஷ்டி சுற்றிப் போட்டாள். இனிமேல் ரோடு தாண்டும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள்.

காது விஷயத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தாலி கட்டி முடிந்ததும் ஐயர் என்னை எழுப்பி இடம் மாற்றி உட்கார வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "இனிமே எப்பவும் வீட்டுக்காரருக்கு இடது பக்கம்தாம்மா" என்றார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கோயிலில் இடது பக்கம், தாம்பரம் ரயிலில் இடது பக்கம், கட்டிலிலும் இடது பக்கம். இத்தனை வருஷம் நான் சுவரோடா குடும்பம் நடத்தினேன்?

ஆனால் எல்லாப் பழியையும் காதின் தலையில் கட்டிவிடாதீர்கள். என் பிறந்தநாளை மறந்தது காதா? தோசை கருகிப்போனதற்குத் தட்டை வீசியடித்தது காதா? என் சித்தி மகள் கல்யாணத்தில் பாதியில் எழுந்து, "ஒரே இரைச்சல், என்னால முடியல" என்று ஆட்டோ பிடித்துப் போனீர்களே, அன்றைக்கு என் சொந்தக்காரர்கள் முகத்தில் நான் எப்படி விழித்தேன் தெரியுமா?

மாசியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நம் குழந்தை வயிற்றில் தங்காமல் போன மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன். நீங்கள் ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். "எனக்குப் பயமா இருக்குங்க. கொஞ்ச நாள் லீவு போட்டுட்டு என்கூடவே இருக்கீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி, "தண்ணி கேன்காரன் வந்துட்டுப் போயிருப்பான்ல?" என்றீர்கள்.

வேறு எதற்காகவும் நான் அம்மா வீட்டுக்கு வரவில்லை. அந்தத் தண்ணி கேனுக்காகத்தான் வந்தேன். அன்றைக்கும் நான் உங்கள் இடது பக்கம்தான் இருந்தேனா? நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று எல்லாம் குழம்புகிறது.

இப்படிக்கு,
சுப்ரஜா


முடிச்சூர்
15-6-2025

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு லேபுக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

தண்ணி கேனைப் பற்றிக் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ கேட்டது ஞாபகம் இல்லை. காதில் விழவே இல்லையா, விழுந்து மறந்துபோனேனா, அல்லது மனசே இல்லாத கல்லாக உட்கார்ந்திருந்தேனா? இந்த மூன்றில் எது என்று எனக்கே தெரியவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சத்தியம் செய்யலாம். எதை நம்பிச் செய்வது?

டாக்டரிடம் மறுபடி போனேன். நீ எழுதியதையும் எனக்கே தோன்றியதையும் சொல்லிக் கேட்டேன். மறதி அந்தக் காய்ச்சலாலா? "இருக்கலாம்." கூட்டத்தில் தலை கனத்துப்போவது, பேசும்போது வார்த்தை கிடைக்காமல் முழிப்பது, கரண்ட் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது? "இருக்கலாம்." கோபம்? "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." லேபில் மல்டிமீட்டரை வைத்தால் எந்த ஒயர் போயிருக்கிறது என்று சொல்லிவிடும். எனக்குள் எது காய்ச்சல், எது ஜெயகிருஷ்ணன் என்று யாரிடம் போய்க் கேட்பது? எல்லாமே காய்ச்சல் என்றால் நான் என்று எதுதான் மிச்சம்? எதுவுமே காய்ச்சல் இல்லை என்றால் நான் ரொம்ப மோசமான ஆள், சுப்ரஜா.

அம்மா அண்ணன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது இதையே கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, நீ அப்பவே நல்லாயிட்டே" என்றாள். சொல்லிக்கொண்டே தன் தட்டை எடுத்துக்கொண்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "ஏம்மா இடம் மாறுற?" என்றேன். "தெரியலடா. இந்தப் பக்கம் உட்கார்ந்தாத்தான் உன்கிட்ட பேசின மாதிரி இருக்கு" என்றாள்.

வீட்டில் மோட்டார் ரிப்பேர். மேல்வீட்டுக்காரர் பைப் போட்டுத் தண்ணீர் கொடுக்கிறார்.

அன்புடன்,
ஜெயகிருஷ்ணன்


அனகாபுத்தூர்
30-6-2025

என்னங்க,

மோட்டார் ரிப்பேர் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். இன்னும் சரியாகவில்லையா, எழுதியது மறந்துவிட்டதா? முன்பென்றால் ஒரு சண்டை போட்டிருப்பேன். இப்போது சண்டை போடலாமா கூடாதா என்றே தெரியவில்லை. இதுவும் ஒரு அவஸ்தைதான்.

போன வாரம் இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பம்மல் மார்க்கெட்டுக்குப் போனேன். அப்பா என்னைப் பைத்தியம் என்றார். யார் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றித் திரும்பினேன். கீரைக்காரம்மா, "இன்னாம்மா, கூவிகினே கீறேன், கண்டுக்காம போற" என்று கோபித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும்போது மண்டை இடித்தது. உள்ளே நுழைந்ததும் தம்பி டிவியைப் போட்டான். அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், முகம் சுண்டிப்போனது. எரிந்து விழுந்தது பஞ்சா, நானா? நன்றாக யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை.

ஆனால் தட்டு வீசியதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காய்ச்சலே வீசியிருந்தாலும் பொறுக்கியது நான்தான்.

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு வருகிறேன். அத்தையிடம் சொல்லிவிடுங்கள், முந்திரி நான் வாங்கி வருவேன். அர்ச்சனைக்கு உட்காரும்போது உங்கள் வலது பக்கம்தான் உட்காருவேன். பூசாரி ஏதாவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டதை, அதே வார்த்தைகளில், அதே குரலில் இன்னொரு தடவை கேட்பேன். அப்போதும் தண்ணி கேனுக்குப் போனீர்கள் என்றால், அது காய்ச்சல் இல்லை, நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கடிதத்தில் எல்லோருக்கும்தான் காது கேட்கும்.

உங்கள்,
சுப்ரஜா


முடிச்சூர்
6-7-2025

அன்புள்ள சுப்ரஜா,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள். இதிலாவது உனக்குக் குழப்பம் வேண்டாம், இது நான்தான்.

மோட்டார் இன்னும் சரியாகவில்லை. முன்பே எழுதியதும் ஞாபகம் இல்லை. இரண்டும் உண்மை.

நீ வைக்கப்போகும் பரீட்சையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடி வெள்ளிக்குக் கோயிலில் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். அந்த இரைச்சலில் என் வலது காதும் இல்லாத மாதிரிதான். நீ வலது பக்கம் உட்கார்ந்து மெல்லக் கேட்பாய். நான் குங்குமத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருப்பேன். நீ பஸ் ஏறிப் போய்விடுவாய்.

அதனால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடாதே. முதலில் தோளைத் தட்டு. நான் உன் முகத்தைப் பார்த்த பிறகு கேள். அப்போதும் விழவில்லை என்றால் கோபப்பட்டுக்கொண்டே இன்னொரு தடவை கேள். போன காது இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றில் மட்டும் அவர் ‘இருக்கலாம்’ என்று சொல்லவில்லை. தட்டை வீசியது யாராக இருந்தாலும், மன்னிப்பு நான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் முழுக்க லீவு எழுதிக்கொண்டுபோய் எங்கள் எச்ஓடியிடம் கொடுத்தேன். "என்ன சார், திடீர்னு?" என்றார்.

"திடீர்னு இல்ல சார், வீட்டுல லீவு போடச் சொல்லியிருந்தாங்க" என்றேன்.

"எப்போ?"

"மாசியில."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்புடன்,
ஜெயகிருஷ்ணன்