பன்னிரண்டு எண்ணும்வரை

மச்சான், உன் மகன் நேற்று உன் தகரப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மூடியைத் திறந்ததும் கரப்பான் புழுக்கை நாற்றமும் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் பழைய நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறின. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாற்றத்தால் மட்டும் இல்லை. அடியில் சிதம்பரத்தில் எடுத்த அந்தத் தாள் இருந்தது. இதைப் போய் ஏன் வைத்திருந்தாயோ.

அறுபதுகளில் கடலூரில் படம் எடுத்துப் பிழைத்த நமக்கு ஃபிலிம் சரியாகக் கிடைக்காது. பிரிண்ட் போடும் தாளையே கேமராவுக்குள் வைத்து எடுத்து, எடுத்த இடத்திலேயே கறுப்புப் போர்வைக்குள் புகுந்து மருந்தில் கழுவிப் பார்க்கலாம் என்றாய். அந்தத் தாளில் உருவம் விழ, நல்ல வெயிலிலேயே பன்னிரண்டு எண்ண வேண்டும். அதற்குள் ஆள் ஆடினால் படம் கலங்கிவிடும். எண்ணுவது என் வேலை. கோர்ட்டு வாசலில் நாம் உட்கார வைத்த ஆட்கள் எல்லாரும் எட்டுக்குள் தலையைச் சொறிந்தார்கள். "பொணம்தான்டா ஆடாது" என்று சிரித்தாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

சிதம்பரத்தில் அந்தச் சாவு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாய். முந்தின நாளே காய்ச்சலில் போன மனுஷன். உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுத்ததில்லை. மனைவி நிறைமாதம். "பொறக்கப்போற புள்ளைக்குக் காட்ட அவுங்க மொகம் வேணும்ணே" என்றாள். வெளிச்சம் போதவில்லை என்று நீ பிணத்தை வெயிலுக்கு இழுக்கச் சொன்னாய். உதட்டில் ஈ மொய்த்தது. "ஈ இருந்துட்டுப் போவட்டும், நீ எண்ணு" என்றாய். எண்ணினேன்.

போர்வைக்குள் முகம் தெளிவாக வந்தது. நெகட்டிவ் என்பதால் கறுத்த நெற்றி, வெளுத்த மீசை. வெயிலில் சூடேறிய மருந்தில் ஊறி இளகிக் கிடந்த தாளை அவசரத்தில் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தாய். கண்ணும் மூக்கும் வழித்துக்கொண்டு போயின. அதுதான் கடைசித் தாள்.

வெளியே வந்து அவளிடம் சொன்னாய்: "தல ஆடிடுச்சும்மா. அதான் படம் கலங்கிப்போச்சு."

அவள் அழுகையை நிறுத்தினாள். "ஆடுச்சா? அவுங்களா ஆடுனாங்க?" ஊதிப்போயிருந்த அந்த மார்பில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். தூக்க வந்தவர்கள் இழுத்தும் எழுந்திருக்கவில்லை. "சும்மா இருங்க, கேக்குது" என்றாள். நீ கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாய்.

பஸ்ஸில் நான் உன் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்கப்புறமும் இத்தனை வருஷம் உன்னோடு டீ குடித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் மகன் போனில் படம் எடுத்தான். நான் உன் தலையைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணினேன். பன்னிரண்டு வரைக்கும் ஆடவில்லை.

அன்றைக்கும் ஆடவில்லை, மச்சான். எண்ணியவன் நான். அவள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.