இருபத்திரண்டு அடியில் தாய்வீடு

ஜூன் 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பூசைக்குப் போனபோது ஆள் ஐந்து, குடை மூன்று.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என் தப்பையும் சேர்த்து. ஞாயிறு தமிழ் வகுப்பு டீச்சர் கட்டுரை எழுதக் கொடுத்த நோட்டு. கட்டுரையில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். ஆகவே இதில் கட்டுரை கிடையாது.

வீட்டு ஆட்கள்: அப்பா (கார்மென்ட்ஸில் கட்டிங் மாஸ்டர், பேச்சு குறைவு). அம்மா (ஜாக்கெட் தைப்பாள், அப்பாவுக்கும் சேர்த்துப் பேசுவாள்). டோனி அண்ணன். அண்ணி. நான் பெனிட்டா, ஒன்பதாவது.

அண்ணி பெயர் மாரிசெல். ஊர் பிலிப்பைன்ஸ். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அண்ணன் அங்கே மெஷின் ரிப்பேர் பார்த்தான், இப்போது இங்கே ஒரு கம்பெனியில். போன வருடம் இங்கே பெங்களூர் விவேக் நகரில், எங்கள் கோவிலில் கல்யாணம். இப்போது வயிற்றில் குழந்தை, ஆறு மாதம் முடிந்துவிட்டது.

நற்கருணை வரிசையில் அம்மா என் காதில், “அண்ணி கழுத்தைப் பாரு. தாலி எங்க? மூளியா கீது.”

பார்த்தேன். இல்லை. அண்ணியிடம் யாரும் கேட்கவில்லை. அதுதான் மோசம்.

மத்தியானம் அம்மா: “பெனி, அவளைக் கேளு. வளைகாப்பு முடிஞ்சதும் தாய்வீட்டுக்குப் போணும்னு ஆசையான்னு. தலைப்பிரசவம் பொண்ணோட அம்மா வீட்லதான். அதான் முறை.”

அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம். அண்ணிக்குத் தமிழ் முப்பது வார்த்தை இருக்கும். நடுவில் நான். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் போய், “அம்மா வேணும்னு இருக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மடிப்பதை நிறுத்தினாள். “ரொம்ப” என்றாள்.

அம்மாவிடம் வந்து சொன்னேன்: “போணுமாம். ரொம்ப ஆசையாம்.”

அம்மா முகம் ஒரு நொடி வாடியது. “சரி. டோனிய டிக்கெட் பாக்கச் சொல்றேன்.”

கேள்வியைக் கொஞ்சம் சுருக்கினேன். கணக்கு ஹோம்வொர்க் பாக்கி இருந்தது.

ஜூன் 9, செவ்வாய்

மழை இல்லை, மேகம் மட்டும். சாக்ஸ் காயவில்லை.

அண்ணன் சொன்னது: சனிக்கிழமைக்குள் டிக்கெட் போட வேண்டும். “அப்புறம் டாக்டர் லெட்டர் கேப்பான். அதுக்கும் அப்புறம் பிளேன்ல ஏத்தவே மாட்டான்.” அவனுக்கு லீவு இல்லை. அண்ணி தனியாகத்தான் போக வேண்டும்.

அவன் ஆபீஸ் இன்சூரன்ஸ் புத்தகம் ஃப்ரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் கவரில் பிரிக்காமல் கிடந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். பிரித்தேன். அகராதி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம். குறித்தவை:

ப. 9: மனைவி பெயர் சேர்ந்திருக்கிறது. நல்லது.
ப. 17: பிரசவச் செலவு உண்டு. காத்திருக்க வேண்டாம், முதல் நாளிலிருந்தே செல்லும்.
ப. 18: பிறந்து முப்பது நாளுக்குள் குழந்தையைச் சேர்க்க வேண்டும். தவறினால் போச்சு.
ப. 31: இதெல்லாம் இந்தியாவுக்குள் மட்டும்.

கடைசி வரியை மூன்று முறை படித்தேன். அண்ணனிடம் காட்டினேன்.

“அங்கயும் செல்லும்னு நெனச்சேனே” என்றான்.

“அண்ணி ஊர்ல அவங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லியா?”

“குவைத் வந்தப்பவே கட்டறத விட்டுட்டா.” புத்தகத்தை மூடினான். “ஏதாவது ஆப்பரேஷன் கீப்பரேஷன்னா என்னா பண்றது? நானும் பக்கத்துல இல்ல.” பிறகு, “ஆசைப்பட்டுட்டா. அனுப்பித்தான் ஆகணும்.”

சாயந்திரம் இன்னொரு கலாட்டா. அண்ணி கடையிலிருந்து பப்பாளிக்காய் வாங்கி வந்தாள். அவள் ஊரில் கோழி சூப்பில் போடுவார்களாம். அம்மா கையிலிருந்து பிடுங்கினாள். “மாதாவே! வயித்துல புள்ளைய வச்சிக்கினு பப்பாளியா!” அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்குவதற்குள் ரூமுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 10, புதன்

ஸ்கூல் விட்டு நேரே ஆஸ்பத்திரி. அண்ணிக்குச் செக்கப். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

பிறகு கீழே இன்சூரன்ஸ் கவுன்ட்டர். அங்கே கன்னடக்கார அக்கா ஒருவர், தமிழும் பேசினார். அண்ணி பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாரிசெல் ரேயெஸ் பௌதிஸ்தா. மாரிசெல் இவங்க. ரேயெஸ் யாரு? பௌதிஸ்தா யாரு? இதுல ஒண்ணு மொதல் ஹஸ்பெண்டா?”

அண்ணன் காது சிவந்துவிட்டது. அண்ணி என்னவென்று என்னைக் கேட்டாள். இந்த முறை சுருக்காமல் சொன்னேன். சிரித்துவிட்டாள். கடைசியில் இருப்பது அப்பா வீட்டுப் பெயர், நடுவில் இருப்பது அம்மா வீட்டுப் பெயர். அவள் ஊரில் எல்லோருக்கும் அப்படித்தானாம்.

“ஓ, தவரு மனெ ஹெசரா!” என்றார் அந்த அக்கா. கன்னடத்தில் தவரு மனெ என்றால் தாய்வீடு. “சென்னாகிதே, நல்லாருக்கு. எங்க ஃபாரத்துல அதுக்குக் கட்டமே இல்லியே.” மூன்றையும் ஒரே கட்டத்தில் நெருக்கி எழுதினார். “டெலிவரி இங்கதானே? முன்னாடியே எழுதிக் குடுத்துட்டா அப்புறம் டென்ஷன் இல்ல.”

அண்ணன் ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

ராத்திரி என் பெயரையும் அந்த முறையில் எழுதிப் பார்க்க ஆசை. “உன் வீட்டுப் பேரு என்னாம்மா?”

அம்மா வாயில் ஊசி. “எங்கப்பா பேரு இனிஷியலா இருந்தது. கல்யாணத்தோட அதுவும் போச்சு. போய் படி.”

ஜூன் 12, வெள்ளி

நல்ல மழை. மாடியில் துணி எடுக்க அண்ணியும் நானும் ஓடினோம். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒதுங்கி நின்றோம். அங்கே பேசியது. (அண்ணி பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில்.)

“பெனி, வளையல் போட்டதும் என்னைத் திருப்பி அனுப்பறீங்களா?”

“திருப்பியா?”

“டோனி டிக்கெட் பார்க்கறார். நான் என்ன தப்பு பண்ணினேன்? பப்பாளியா? கழுத்துல செயின் போடாததா?”

“நீங்கதானே போகணும்னு...”

“நீ அம்மா வேணுமான்னு கேட்டே. வேணும். இங்கே வேணும். குழந்தை பிறக்கும்போது டோனியும் இருக்கணும், அம்மாவும் இருக்கணும். அது நடக்காதுன்னு தெரியும். அதனால ஒரு வார்த்தையோட நிறுத்திக்கிட்டேன்.”

தாலி விஷயம்: அவள் ஊரில் கர்ப்பமாக இருக்கும்போது கழுத்தில் எதுவும் போடக் கூடாதாம். தொப்புள்கொடி குழந்தை கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்று அவள் அம்மா போனில் சொல்லியிருக்கிறார். “நான் நர்ஸ். அப்படி எதுவும் ஆகாதுன்னு தெரியும். ஆனா கழட்டிட்டேன்.” தாலி கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறாள்.

கடைசியில் சொன்னது: “அம்மாகிட்ட சொல்லாதே. அவங்க முறைன்னு சொல்றாங்க. நான் போறேன்.”

ராத்திரி சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்.

ஜூன் 13, சனி

தூறல். காலை பத்தேகால் மணிக்கு அண்ணன் லேப்டாப்பைத் திறந்தான். அண்ணி குளியலறையில். அம்மா தையல் மெஷினில். எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி ஜாக்கெட் வாங்க வந்து உட்கார்ந்திருந்தார்.

“பேரெல்லாம் போட்டாச்சு. அமுக்க வேண்டியதுதான்” என்றான் அண்ணன்.

“அமுக்காதே” என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. “அண்ணி போணும்னு சொல்லவே இல்ல. நான் கேட்ட கேள்வியே வேற.”

மெஷின் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கியது, ‘ரொம்ப’, தாலி, கைக்குட்டை, திருப்பி அனுப்புகிறோம் என்று அவள் நினைத்தது. சொல்லாதே என்று அண்ணி கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை, ஸ்டெல்லா ஆன்ட்டியின் செருப்பைத்தான் பார்த்தேன்.

அம்மா: “ஒரு கேள்விய ஒழுங்கா கேக்கத் துப்பில்ல. இதுல கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க்!”

பிறகு வேறு குரலில்: “திருப்பி அனுப்பறோம்னா நெனச்சிக்கினா? டோனி பொறந்தப்போ நான் எங்கம்மா வீட்ல மூணு மாசம். ஒரு டம்ளர் கழுவல. அது அவளுக்கும் கிடைக்கட்டும்னுதானே சொன்னேன்.”

அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். அம்மா பழக்கத்தில், “வாசப்படில நிக்காத, உள்ள வா” என்றாள். நான் மொழிபெயர்த்தேன், முழுதாக. அண்ணி அப்படியே பார்த்தாள். கர்ப்பிணி வாசற்படியில் நிற்கக் கூடாது என்று அவள் அம்மாவும் திட்டுவாராம்.

அண்ணன்: “அப்ப அவங்கம்மாவ இங்க வரவழைக்கலாம்.”

அம்மா: “பொண்ணு குடுத்தவங்க மாப்பிள்ளை வீட்ல மாசக்கணக்கா தங்குவாங்களா? சம்பந்திக்கு அது மரியாதையா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

ஸ்டெல்லா ஆன்ட்டி, கன்னடம் கலந்து: “எந்த நாலு பேரு? நம்ம சந்துல பதினோரு வீடு. அதுல ரெண்டு பூட்டிக் கிடக்குது. சும்னே பேசாத.”

அண்ணி என்னைப் பார்த்தாள். சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை தேடினேன். இல்லை. மகனைக் கொடுத்தவர்களும் மகளைக் கொடுத்தவர்களும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்று சுற்றி வளைத்தேன். அண்ணி பாதியிலேயே, “பலாயே” என்றாள். அவள் மொழியில் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது.

“இங்கிலீஷ்லயே இல்லாதது அவங்களுக்கு இருக்குதா?” அம்மா. இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பலாயே. பலாயே.

லேப்டாப்பை அண்ணன் மூடிவிட்டான். டிக்கெட் போடவில்லை. ஆனால் அம்மா சரி என்றும் சொல்லவில்லை.

சாயந்திரம் அம்மா கேட் பக்கத்தில் குடையில்லாமல் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில்!

பூசை முடிந்து அம்மா அறிவித்தது: ஸ்டெல்லா ஆன்ட்டி முன்பு டியூஷன் எடுத்த முன்ரூம் காலி. தனி வாசல், தனி பாத்ரூம். மூன்று மாதத்துக்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். “சம்பந்தியம்மா வந்து தங்கறது அவங்க வீட்ல. நம்ம வீட்ல இல்ல. வளைகாப்பு இங்க. முடிஞ்சதும் பொண்ணு தாய்வீட்டுக்குப் போவா. முறைப்படி.”

யாரும் சிரிக்கவில்லை. அம்மா விளையாட்டாகச் சொல்லவில்லை.

எங்கள் வாசலிலிருந்து அந்த வாசலுக்கு இருபத்திரண்டு அடி. இரண்டு முறை நடந்து எண்ணினேன்.

அப்பா இன்று பேசிய ஒரே வாக்கியம்: “ரூமுக்கு நான் பெயின்ட் அடிக்கிறேன்.”

அண்ணன் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தான். மடித்த கோடு அழியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்ற கட்டத்தை நிரப்பினான்.

வீடியோ காலில் அண்ணியின் அம்மா. வரலாமா என்று அவராக எப்படிக் கேட்பது என்று பயந்துகொண்டிருந்தாராம். அழுதார். அந்தப் பக்கம் சேவல் கூவியது. அம்மா போனைப் பிடுங்கி, “பலாயே! வாங்க!” என்று சந்துக்கே கேட்கக் கத்தினாள்.

அம்மா என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் மீன் வறுவலில் நடுத்துண்டு எனக்கு.

ஜூலை 5, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெளிச்சம். மூன்று வாரம் எழுதவில்லை: யூனிட் டெஸ்ட், விசா, பெயின்ட்.

அண்ணியின் அம்மா வியாழக்கிழமை வந்துவிட்டார். பெயர் லோர்டெஸ். அம்மா வைத்த பெயர் லூர்தம்மா. அவருக்கும் மூன்று மாதத்துக்கு அண்ணன் ஒரு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறான். அதையும் நான்தான் படித்தேன்.

கொண்டு வந்தவை: உலர்ந்த மாம்பழம், நெஞ்சில் தேய்க்கும் தைலம், ஒரு சின்னத் துணி முடிச்சு. முடிச்சில் அவருடைய நான்கு பிள்ளைகளின் தொப்புள்கொடித் துண்டுகள், ஒன்றாகக் கட்டி. கட்டி வைத்தால் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் பிரிய மாட்டார்களாம். அதைக் கேட்டதும் அம்மா ஓடிப்போய் பீரோவிலிருந்து அண்ணனின் வெள்ளித் தாயத்தை எடுத்து வந்து காட்டினாள். அதற்குள்ளும் அதேதான்.

“என்னுது எங்கேம்மா?”

“உன்னுத எலி தூக்கினு போச்சு.”

நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னேன், எழுதிவிட்டேன்.

வளைகாப்பு பதினொரு மணிக்கு. பச்சை, சிவப்பு வளையல். அம்மா மாலையை எடுத்து அண்ணி கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நின்றாள். பிறகு இரண்டாக மடித்து மணிக்கட்டில் சுற்றினாள். தாலியும் அங்கேதான், வளையல்களுக்கு நடுவில். வந்திருந்த ஒரு பெரியம்மா, “என்னா புதுசா?” என்றார். “எங்க சம்பந்தி வீட்டு முறை” என்றாள் அம்மா, புகைப்படத்துக்கு நிற்பதுபோல நிமிர்ந்து.

சாப்பாட்டில் கோழி சூப், வாசலில் நிற்கும் மரத்து முருங்கைக்கீரை போட்டு. பப்பாளி வேண்டும் என்றார் லூர்தம்மா. கூடாது என்றாள் அம்மா. மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஒரு பெங்களூர் கத்திரிக்காயை (சௌசௌ) எடுத்து நீட்டினாள். லூர்தம்மா வாங்கி முகர்ந்து, “ஆ!” என்றார். அவர் ஊரில் பப்பாளி கிடைக்காவிட்டால் இதைத்தான் போடுவார்களாம்.

நாலு மணிக்கு அண்ணியைத் தாய்வீட்டுக்கு அனுப்பினோம். சந்தில் ஒரு ஆட்டோ நின்று வழிவிட்டது. எனக்கு இருபத்திரண்டு அடி, வயிற்றோடு நடந்த அண்ணிக்கு முப்பத்தொன்று. அந்தப் பக்கம் வாசலில் லூர்தம்மா, புதுப் பெயின்ட் வாசனை. உள்ளே போகும்போது அண்ணி திரும்பி, “அம்மா, போயிட்டு வர்றேன்” என்றாள். தமிழில். நான் சொல்லித் தரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனுக்கு மெசேஜ்: ஃபாரம் ஏற்றுக்கொண்டார்கள். குழந்தை பிறந்த நாளிலிருந்து முப்பது நாள் எண்ணுவது என் பொறுப்பு. காலண்டர் பக்கத்தில் பென்சில் கட்டித் தொங்கவிட்டாயிற்று.

இப்போது மணி ஒன்பதரை. அம்மா ஜன்னலில் நிற்கிறாள். எதிர் முன்ரூமில் தாயும் மகளும் பேசிப் பேசிச் சிரிப்பது இங்கே கேட்கிறது. அவர்கள் மொழி.

“என்னாடி சொல்றாங்க?”

“தெரியலம்மா.”

“சும்மா ஏதாச்சும் சொல்லேன்.”

“தெரியாதத சொல்லமாட்டேன்.”

அம்மா என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். சுவிட்சில் கை வைத்தபடி நிற்கிறாள். அங்கே விளக்கு அணைந்த பிறகுதான் இங்கே அணைப்பாளாம்.

அங்கே அணைந்தது. இங்கேயும்.