கட்டிலுக்குள் ஒரு ஹார்ன்

2009 பிப்ரவரி 25, சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பலைக்கூடத் துடைக்கவில்லை. இனி ஈஸ்டர் வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. தவக்காலத்தில் கல்யாணம் இல்லை, கொட்டு இல்லை, மைக் செட் இல்லை. மற்ற சவுண்ட்காரர்களுக்கு இது கொட்டாவி விடுகிற காலம். எனக்குப் பெட்டி செய்கிற காலம்.

காலையில் கோயில் வாசலில் வைத்து செட்டுக்கார ஆன்ட்ரூஸ் கேட்டான். "கிளீட்டஸே, நீ வீட்டுக்குள்ள ஹார்ன் பாக்ஸ் செய்யப் போறியாமே? காலனி வீட்டுக்கு ஒரு எஃப்.எம். ரேடியோ போதாதாடே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போதாது. நாலு வருஷம் முன்பு சுனாமியில் கடல் என் ஷெட்டோடு அத்தனை பேஸ் பாக்ஸையும் கொண்டுபோன பிறகு இந்த வீட்டை அளந்து தந்தார்கள். ஒரு ஹால், ஒரு அறை, அடுக்களை. சரி, வாங்கிக்கொண்டோம், நன்றியும் சொன்னோம். சத்தத்தையும் சேர்த்தா அளந்து தந்தார்கள்? ரிப்பேருக்குக் கொடுத்திருந்ததால் ஒரே ஒரு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் தப்பியது. அது இந்த வீட்டில்தான் பாடும்.

பிப்ரவரி 27

பிரவுசிங் சென்டரில் எடுத்த ஹார்ன் பெட்டிப் படத்தை மறுபடி விரித்து வைத்தேன். யாரோ வெளிநாட்டுக்காரன் போட்டது. ஹார்ன் என்றால் பெரிய வித்தை இல்லை. ஸ்பீக்கரை ஒரு நீளக் குழலின் தொண்டையில் வைக்கிறோம், குழல் போகப் போக விரிகிறது, சின்ன ஸ்பீக்கர் பெரிய சத்தம் தருகிறது. குழலை மடித்து மடித்துப் பெட்டிக்குள் அடக்கலாம். அப்படி அடக்கியும் பெட்டி பீரோ அளவு வருகிறது. அதை ஹாலில் வைத்தால் நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஜனவரியில் எல்லா அளவையும் பாதியாக்கி ஒன்று செய்தேன். எண்ணெய் டின்னைத் தட்டின சத்தம். பாதிக் குழலுக்குச் சத்தத்தில் பாதி ஆழம்கூட வராது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெட்டியில் இப்போது என் மனைவி பிரிஜா வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

"இன்னும் ஒண்ணா? இடம் இல்ல." அவள் சொன்னது இவ்வளவுதான்.

மார்ச் 4

மகள் அபிஷா அம்மையோடு பிணங்கிக்கொண்டு அறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். சின்னத் தொண்டை. ஆனால் அழுகை வீடு முழுக்க நின்றது. அதே பிள்ளை முற்றத்தில் அழுதால் இந்தச் சத்தம் இல்லையே?

மூலை! இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து ஒரு வாய். குழலின் கடைசிப் பகுதியை, அந்தப் பெரிய விரிவை, நான் ஏன் பலகையில் செய்ய வேண்டும்? அதுதானே இடத்தை அடைக்கிறது. வீட்டுச் சுவரே செய்யட்டும். நீளத்தில் கை வைக்கக் கூடாது. வாயைச் சுருக்கி மூலைக்குக் காட்டினால் போதும். இந்த வீடே ஹார்னில் பாதி.

பிள்ளைக்கு முட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று அதற்குத் தெரியாது.

மார்ச் 9

என் பெட்டியின் படம் வரைந்து முடிந்தது. நீளமாய், தட்டையாய், முழங்கால் உயரத்தில் வருகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இது கட்டில் அல்லவா?

பிரிஜாவிடம் சொன்னேன். இரும்புக் கட்டிலை எடுத்துவிட்டால் இடம் ஒரு விரல்கூட அதிகம் வேண்டாம்.

"அப்ப நாங்க எங்க கிடக்க?"

"அதுக்க மேலதான். மெத்தை போட்டா கட்டில்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். "அதுக்க மேலயா?" என்று ஒரு மாதிரி கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அப்புறம் ரோட்டில் மணல் லாரி போனது. எப்போதும்போல எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கனமான வண்டி எது போனாலும் இவளுக்கு வாசலுக்குப் போக வேண்டும். என்ன பழக்கமோ.

மார்ச் 16

உள்ளே மடிப்புப் பலகைகள் நின்றுவிட்டன. ஒரு ஊசி இடுக்கு இருந்தாலும் காற்று சீறும், கனமான அடிச்சத்தம், அந்த பேஸ், செத்துவிடும். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மரியஜான் அண்ணன் ஃபைபர் வள்ளம் ஒட்டுகிறவர். மீந்த ரெசின் பசையும் கண்ணாடி இழைப் பாயும் கொண்டுவந்து இடுக்கெல்லாம் வள்ளம் ஒட்டுகிற மாதிரியே ஒட்டித் தந்தார். "இனி இத கடல்ல எறக்கினாலும் தண்ணி கேறாது மக்கா."

ரெசின் நாற்றம் என்று எங்கள் வீட்டு வரிசை முழுக்க முறையிட்டார்கள். கருவாடு காயப்போடும்போது நான் யாரிடமாவது முறையிட்டேனா?

மார்ச் 24

கட்டில் ஆச்சு. ஏறி மிதித்தும் பார்த்தேன். ஆடவில்லை.

மார்ச் 26

ஈஸ்டர் வரை பொறுக்க முடியாது. ஆனால் தவக்காலத்தில் பாட்டுப் போட்டால் பங்குச் சாமி முதல் மீன்காரி வரைக்கும் பேசுவார்கள். யோசித்தேன். பாட்டுதானே கூடாது? சோதிக்கிற சி.டி. ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பாட்டு இல்லை, தாளம் இல்லை, வெறும் சுருதி மட்டும். மேலேயிருந்து கீழே, கீழே, கீழே இறங்கும். அதை யாரும் பாட்டு என்று சொல்ல முடியாது. சாமியாரே வந்தாலும் வாதாடுவேன்.

மார்ச் 28

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் சாப்பாடு கழிந்து, எல்லாரும் தலை சாய்த்திருந்த நேரம். பிரிஜா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், பிள்ளை ஹாலில் தூக்கம். அவளிடம் சொல்லவில்லை — கேட்டு அசந்துபோகட்டும் என்று. சி.டி.யைப் போட்டேன். முதலில் ஒரு முனகல். ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகத் திருகச் சத்தம் ஏறியது, சுருதி கீழே கீழே இறங்கியது. காதுக்குக் கேட்பதும் நின்று தரையில் வந்தது. உள்ளங்காலில் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர்! கட்டில் தந்த பேஸ்! நான் கத்தினேன், சந்தோஷத்தில்.

வெளியேயும் கத்தல். "கடலு! கடலு வருது!"

ஓடிப் போய்ப் பார்க்கிறேன். வரிசை முழுக்க வீட்டுக்கு வெளியே. செருப்பு இல்லை, பூட்டு இல்லை, மேட்டு ரோட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். மரியஜான் அண்ணன் சட்டை இல்லாமல் சம்சாரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். எல்லாருக்கும் முன்னால் பிரிஜா. பிள்ளை தோளில். திரும்பியே பார்க்கவில்லை. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவே இல்லை.

பாட்டு போட்டிருந்தால் ஒரு குருவிகூடப் பறந்திருக்காது. பாட்டு கூடாது என்று பாட்டில்லாத சத்தத்தைப் போட்டேனே. நான் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன்!

மார்ச் 29, ஞாயிறு

பூசை முடிந்து எங்கள் வரிசைக்காரர்கள் கூடும் அன்பியக் கூட்டம். நான் மன்னிப்புக் கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன். பெட்டியை உடைக்க வேண்டும் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். அங்கே யாருக்கும் ஆமாம் சொல்லவில்லை.

பிரிஜா நேற்றிலிருந்து பேசவில்லை. அறைக்குள் வரவில்லை. பிள்ளையோடு ஹாலில் பாய் விரித்துக் கிடக்கிறாள்.

கடல் வந்த அன்றைக்கு நான் ஊரில் இல்லை. கிறிஸ்துமஸ் வாடகைக்கு மார்த்தாண்டத்தில் மைக்கும் கூம்பு ஸ்பீக்கரும் மட்டும் கட்டிவிட்டு அங்கேயே தூங்கினேன். வந்தபோது தண்ணீர் திரும்பிப் போயிருந்தது. இவளும் கைக்குழந்தையும் கோயில் மேட்டில் நின்றார்கள். மாமி, அவளுடைய அம்மை, இல்லை. நான் பார்த்தது சேறும் உடைந்த பெட்டிகளும்தான். அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சத்தம் விற்றுப் பிழைக்கிறவன், ஒருநாளாவது கேட்டிருக்கலாமே அவளிடம், அது எப்படி இருந்ததென்று? லாரி போகும்போதெல்லாம் வாசலுக்கு ஏன் போகிறாய் என்று?

இடம் இல்லை என்றாளே. அவள் சொன்னது இந்த வீட்டில் இருக்கும் இடத்தை அல்ல, அவளுக்குள் இருக்கும் இடத்தை.

மார்ச் 30

மரியஜான் அண்ணனிடம் கடப்பாரை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனேன். கூட்டத்துக்காரர்களுக்காக இல்லை. அவளுக்காக. மெத்தையைத் தூக்கி எறிந்தேன். கையை ஓங்கினேன்.

"யாருட்ட கேட்டு உடைக்கியோ?"

அறை வாசற்படியில் பிரிஜா நிற்கிறாள்.

"உனக்குப் பயம் வராண்டாம்ணு..."

"பயம் அதுக்குள்ளயா இருக்கு, உடைச்சா போறதுக்கு?" கத்தினாள். இவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டதில்லை. பிறகு சுவரில் சாய்ந்து சொன்னாள். "அண்ணைக்கு தண்ணி பொறவுதான் வந்துது. முதல்ல சத்தம். அதும் காதுல இல்ல, கால்ல. அம்மை எனக்க கைய பிடிச்சுகிட்டு, லாரியாக்கும் பிள்ளேண்ணா. லாரிதான்ணு நானும் நிண்ணேன்."

கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

"கடலு வீட்ட எடுத்துது, அம்மைய எடுத்துது. இனி கனமா கேக்குத சத்தம் எல்லாத்தையும் அதுக்கே எழுதிக் குடுக்கணுமா? எனக்கு மனசில்ல. இது நம்ம வீட்டுல கிடக்கட்டு. ஆனா இனி நீங்க அந்தக் குமிழத் தொடப்பிடாது. நான்தான் திருக்குவேன்."

கடப்பாரையை மரியஜான் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 1

சாயங்காலம் அவளே வரிசை வீடெல்லாம் ஏறி இறங்கினாள். "இப்பம் சத்தம் போடப் போறேன். நான்தான் போடுதேன். ஓடாண்டாம்." கூட்டத்தில் உடை என்று சொன்ன ஆள் அவளிடம் ஏதோ ஆரம்பித்தார். "உடைக்கணும்ணா நான் உடைச்சுக்கிடுவேன். நீரு உமக்க வீட்டுக் காரியத்தப் பாரும்" என்று திண்ணமாய்ச் சொல்லிவிட்டாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கொஞ்சம்தான் திருகினாள். உள்ளங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. உடனே சத்தத்தை நிறுத்தினாள்.

ஏப்ரல் 3

தினமும் போடுகிறாள். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட.

ஏப்ரல் 6

மரியஜான் அண்ணனின் சம்சாரம் தானாகவே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிரிஜாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கண்ணை மூடவில்லை. சத்தம் இறங்கி இறங்கித் தரைக்கு வந்தது. முடிந்ததும் அந்த அக்கா, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நான் வெளியே வந்துவிட்டேன். அது எனக்கான இடம் இல்லை.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

கோயில் மணியே அடிக்காத நாள். நாங்களும் போடவில்லை.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

பாட்டு! காலைப் பூசை முடிந்து வந்ததும் அவள்தான் போட்டாள். வரிசைப் பிள்ளைகள் எல்லாம் கட்டில் மேல். ஆன்ட்ரூஸ் வந்தான். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டான். பெரிய பெட்டி எங்கே என்று அடுக்களை வரைக்கும் போய்த் தேடினான். நான் அவனைக் கட்டிலில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். உட்கார்ந்தவன் உடனே எழுந்துவிட்டான். "ஏலே, இதுக்குள்ளயா!"

எஃப்.எம். ரேடியோவாம்.

ஜூன் 13

நல்ல மழை. கடல் இரைச்சல் இங்கேவரை கேட்கிறது. செட் வாடகை ஒன்றும் இல்லை. மத்தியானம் மூன்று பேரும் கட்டிலில் கிடந்தோம். பிரிஜாவுக்குப் பாதித் தூக்கம்.

திடீரென்று தரை அதிர்ந்தது. பெட்டி அணைந்து கிடக்கிறது. நான் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனேன்.

"லாரியாக்கும்," என்றாள் உள்ளேயிருந்து. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "கதவ சாத்திட்டு வந்து கிடங்க. சாரலடிக்கி."

லாரிதான்.