ஸ்டெல்லாவின் ஒருசந்தி

பிப்ரவரி 19, வியாழன்
நேற்றுத் தவக்காலம் தொடங்கியது. என் மனைவி ஸ்டெல்லா நாற்பது ஆண்டுகள் தவக்காலம்தோறும் ஒருசந்தி இருந்தாள். காலையில் ஒன்றுமில்லை, மதியம் ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். நான் எதிரில் உட்கார்ந்து பூரி தின்றவன். அவள் இல்லாத முதல் தவக்காலம் இது. வீட்டில் யாராவது ஒருசந்தி இருக்க வேண்டுமே; இந்த முறை நான். அறுபது தாண்டியவர்களுக்குத் திருச்சபை விலக்கு அளிக்கிறது. ஸ்டெல்லா அளித்ததாக நினைவில்லை.

பிப்ரவரி 21, சனி
ஆஸ்பிரின் சீட்டில் ‘காலை, உணவுக்குப் பின்’ என்று இருக்கிறது. உணவு இல்லை, காலை இருக்கிறது. பாதி விதியைக் காப்பாற்றி விழுங்கினேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, இரண்டு வருஷமாக இதுவும், இரவில் கொலஸ்ட்ரால் மாத்திரையும்.

மார்ச் 6, வெள்ளி
செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் சர்ச்சுக்கு. சிலுவைப்பாதை. பதினான்கு நிலைக்கும் முழங்காலிட்டேன்; அவளைப் போல. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மருந்துக்கடை விமல்ராஜ் வலி மாத்திரை கொடுத்து, “காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு போடுங்க சார், வலி பறந்துடும்” என்றான். வேறு என்ன சாப்பிடுகிறேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருவருமே நாகரிகமானவர்கள்.

மார்ச் 9, திங்கள்
வலி பறந்தது. வயிறு எரிகிறது. தவம் என்பது இதுதான் போலும்.

மார்ச் 12, வியாழன்
மலம் தார் மாதிரி கறுப்பு. நேற்றும் அப்படித்தான். யார்கிட்ட சொல்றது? எஸ்தர் ஞாயிறுதோறும் வீடியோவில் பத்து நிமிஷம் வருகிறாள். மகளிடம் எந்த நிமிஷத்தில் இதைச் சொல்ல? பயத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி
சர்ச்சுக்குக் கிளம்பி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக் காந்தா தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். “இன்னா சார், மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துக்கினு இருக்குது? ஆட்டோல ஏறு... ஏறுன்றேன்ல!” மரியாதை போய்விட்டது. நன்றாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்
ஆஸ்பத்திரி. வயிற்றில் புண், ரத்தக் கசிவு. மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டனவா என்று கேட்டேன். டாக்டர் ரேவதி சொன்னது: “ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது சார். வெறும் வயித்துல, அதுவும் வலி மாத்திரையோட சேர்த்தீங்களே, அதான். ஸ்டென்ட்டை வெச்சுக்கிட்டு நீங்களா எல்லாத்தையும் நிறுத்தினது அதைவிட மோசம்.” இனி வயிற்றுக்கும் ஒரு மாத்திரை. வலி மாத்திரை கூடாது. பட்டினியும் கூடாது.

“புனித வெள்ளி ஒரு நாளாவது பட்டினி இருக்கலாமா?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டாதான் மாத்திரை சார்.”

முப்பது ஆண்டு நூலகராக இருந்தவன், மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை இன்றுதான் வாசித்தேன். எல்லாம் அதில் இருந்தது.

ஏப்ரல் 3, புனித வெள்ளி
இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடப் பட்டினி இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி, பிறகு ஆஸ்பிரின். ஸ்டெல்லாவின் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.