மூணாவது மாடிக்கு யாரும் போகாத ஹோலி

சம்பந்தி ராம்கிஷன்ஜிக்கு, எங்க இருந்தாலும் உங்களைச் சுத்தி நாலு பேர் உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருப்பாங்கன்னு நம்பி எழுதறேன்.

கார்த்திகையில போனீங்க. இப்ப மாசிப் பௌர்ணமியும் வந்து போயிடுச்சு. நீங்க இல்லாத முதல் ஹோலியில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மத்தவங்க சொல்லி உங்க காதுக்கு வர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்.

என் பொண்ணு கவிதாவை உங்க பையன் மோஹித்துக்குப் பேச வந்த நாள் ஞாபகம் இருக்கா? மதுரா பக்கத்து மனுஷர், இந்தியில பேசணுமேன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன். நீங்க கதவைத் தொறந்து, "வாங்க சம்பந்தி, இன்னா வெயிலு, மோரு குடிக்கிறீங்களா?"ன்னீங்க. பம்மல் பட்டறையில முப்பது வருஷம் லேத் ஓட்டிக் கத்துக்கிட்ட தமிழ். ராஜகீழ்ப்பாக்கத்துல பொறந்து வளர்ந்த என் தமிழ் அதுக்கு முன்னால வாயைத் தொறக்கல.

உங்க பிளாட் நிக்கிற இடம் ஒரு காலத்துல எங்க வயல். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டுன்னு உங்களுக்கும் தெரியும். ஆனா அந்த அறுபது வீட்டுல எந்த வீட்டுக்காரன் எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஹோலியன்னிக்கு உங்க பின்னாடி வந்துதான் நான் பார்த்தேன். ஒரிசாக்காரர் வீட்டுல கிருஷ்ணனை ஊஞ்சல்ல வெச்சு ஆட்டுவாங்க, நீங்க செருப்பைக் கழட்டிட்டுப் போய் ஊஞ்சலைத் தொடுவீங்க. பெங்காலிப் பொண்ணு பெரியவங்க காலில்தான் கலர் வைக்கும், நீங்க காலை நீட்டி நிப்பீங்க. மராட்டிக்காரங்களுக்கு அஞ்சாம் நாள்தான் கலர்னு அன்னிக்கு மறுபடியும் கிளம்புவீங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டு வழக்கப்படி போவீங்க. எங்க அம்மா பொறந்த ஊர்ல இதே பௌர்ணமிக்குக் காமனை எரிப்பாங்கன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எரிச்சது யாரு, ரதி என்ன ஆனா, சாம்பலை என்ன பண்ணுவாங்கன்னு என்னை விடாம கேட்டீங்க. பாதிக்கு எனக்கே பதில் தெரியல.

அப்படிப்பட்ட மனுஷன் போன வீடு. எங்க பக்கம் சாவு வீட்டுல ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. உங்களுக்கு நான் செய்யற மரியாதைன்னு நெனைச்சு, பிளாட்டோட வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொன்னேன்: "துக்க வீடு. யாரும் கலர் எடுத்துக்கிட்டு மூணாவது மாடிப் பக்கம் போகக் கூடாது." பத்தாததுக்கு வீடு வீடா போயும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. எவ்வளவு நல்லவங்கன்னு எனக்குப் பெருமை வேற.

ஹோலியன்னிக்குக் காலையில பத்தரை மணிக்குக் கவிதா போன் பண்ணுச்சு. குரலே சரியில்ல.

"அப்பா, அத்தை ஆறு மணிக்கே குளிச்சிட்டு வாசக்கதவைத் தொறந்து வெச்சு உட்கார்ந்திருக்காங்க. காபி கூடக் குடிக்கல. இப்பதான்ப்பா வாயைத் தொறந்தாங்க."

உங்க ஊர்ல, சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஹோலியன்னிக்கு எல்லாரும் போவாங்களாமே. போய் வீட்டு மனுஷங்களுக்கு ஒரு சிட்டிகை கலர் வைக்கணுமாம். அப்பதான் துக்கம் எறங்குமாம், அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறுமாம். யாரும் வரலைன்னா அந்த வீட்டுத் துக்கம் அப்படியே உட்கார்ந்திருக்குமாம். மோஹித்துக்கு இது தெரியாது. அவன் தாம்பரத்துல பொறந்தவன், வீட்டுல இதுதான் அவன் பார்த்த முதல் சாவு. உங்க வீட்டம்மா குரூப்ல இல்ல, நான் போட்ட தடை அவங்களுக்குத் தெரியாது.

"அத்தை என்ன சொன்னாங்க தெரியுமாப்பா? முப்பது வருஷமா எல்லாரும் அவர்கிட்ட வந்தாங்களே, அவர் போனதும் நாம வெளியூர்க்காரங்க ஆயிட்டமான்னு கேட்டாங்க."

சம்பந்தி, ஊர் பூரா வழக்கத்தைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட மனுஷனுக்கு மரியாதை செய்யறேன்னு கிளம்பினவன், உங்க வீட்டு வழக்கம் என்னன்னு உங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. உச்சி வெயிலுக்குள்ள எல்லாரும் குளிச்சுட்டா அன்னிக்குக் கலர் முடிஞ்சுது. வண்டியை எடுத்தேன்.

பிளாட்டுக்குக் கீழே பம்ப் ரூம் பக்கத்துல எல்லாரும் சத்தமில்லாம விளையாடிக்கிட்டு இருந்தாங்க, நான் திட்டுவேன்னு. நடுவுல போய் நின்னு, "நான் சொன்னது தப்பு. எல்லாரும் மேல வாங்க"ன்னேன். ஒரிசாக்காரர் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே மெதுவா சொன்னார்: "நாங்களும் போகணும்னுதான் நெனைச்சோம் அங்கிள். நீங்க பெரியவர், சம்பந்தி வேற. எப்படி மீறறது?"

கோவளத்து மீன்காரம்மா செல்வியும் அங்க இருந்தா. முந்தின நாள் மாசி மகம், அவங்க ஊர்ச் சாமி கடல் குளிச்ச நாள். படகு கடலுக்குப் போகல, மீன் இல்ல. வருஷா வருஷம் உங்களுக்குக் குடுக்கிற சர்க்கரைப் பொங்கலைத் தூக்குச்சட்டியில எடுத்துக்கிட்டு வந்து, மேல போகலாமா வேணாமான்னு நின்னுக்கிட்டு இருந்தா.

"இன்னா சார் நீங்க? அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுகினு சொல்லியிருக்கலாம்ல? தொன்னைக்கு நெய் ஆதாரமா, நெய்க்குத் தொன்னை ஆதாரமான்னு மட்டும் நல்லா வாதம் பண்ணுவீங்க. நடங்க மேல."

திட்டை வாங்கிக்கிட்டேன். மூணு மாடி ஏறறதுக்குள்ள பின்னால முப்பது நாப்பது பேர் சேர்ந்துட்டாங்க.

உங்க வீட்டம்மா கதவுக்கு உள்பக்கம் நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. வெளுத்த புடவை. கூட வந்தவங்க கலர்த் தட்டுல இருந்து ஒரு சிட்டிகை ரோஸ் பொடி எடுத்துட்டேன், எடுத்த கை அந்தரத்துல நின்னுடுச்சு. சம்பந்தியம்மாவைத் தொட்டுப் பொட்டு வெக்கிற வழக்கம் எங்கள்ல கிடையாது. இந்தத் தடவை கேட்டேன்.

"எங்க வைக்கணும்மா?"

"நெத்தியில"ன்னாங்க.

வெச்சேன். என் கண்ணு நிறைஞ்சு அவங்க முகமே தெரியல. "தடுத்தது நான்தாம்மா. தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்க"ன்னேன்.  அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொன்னாங்க: "அவர் சொல்வார். சம்பந்தி எல்லாம் லேட்டு. ஆனா வருவார்."

நீங்க இப்படிச் சொல்லி வெச்சிருந்தது எனக்குத் தெரியாது. வாசல்லயே நின்னு அழுதேன். உங்களைக் கொண்டு போன அன்னிக்குக் கூட நான் அப்படி அழல.

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. பெங்காலிப் பொண்ணு காலில் வெச்சுது. செல்வி முந்தானையில விரலைத் தொடைச்சுட்டுக் கன்னத்துல வெச்சுட்டு, "அண்ணன் இருந்தா என்னை ஓட்டிகினு இருந்திருப்பாரு"ன்னா. உங்க வீட்டம்மா சிரிச்சாங்க. கவிதா என் கையைப் பிடிச்சுச் சமையலறைக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு. நம்ம சோமாசி மாதிரி நீங்க செய்வீங்களே, அந்த குஜியாவுக்கான கோவாப் பூரணம், தவலை நிறைய. பக்கத்துல ஈரத்துணி மூடின மாவு. உங்க வீட்டம்மா ரெண்டு நாளா தனியா உட்கார்ந்து கிளறினதாம்; துக்கத்துல இருக்கறவங்களைக் கேட்க வேணாம்னு கவிதாவும் விட்டுடுச்சாம். அறுபது வீட்டுக்கும் கணக்குப் பண்ணிச் செஞ்சிருக்காங்க, சம்பந்தி. ஒருத்தர் விடாம வருவாங்கன்னு நம்பிச் செஞ்சது அவ்வளவும், காலையிலிருந்து அடுப்பு பத்த வெக்காம காத்துக்கிட்டு இருந்துச்சு.

கவிதா சட்டியை ஏத்துச்சு. நான் தரையில உட்கார்ந்து மாவு உருட்டினேன். ஒண்ணு கூட வட்டமா வரல. சாயங்காலம் வரைக்கும் வேலை இருந்துச்சு.

ஒரு வாக்குக் குடுக்கிறேன். வர்ற வருஷம் பௌர்ணமிக்கு முன்னாடியே அறுபது வீட்டுக் கதவையும் நானே தட்டறேன். எதையும் சொல்லப் போறதில்ல, உங்க வீட்டுல எப்படின்னு கேட்கப் போறேன். முதல்ல தட்டறது மூணாவது மாடியில உங்க கதவை.

உங்க மருமகளோட அப்பன்,
எப்பவும் லேட்டா வர்ற உங்க சம்பந்தி