நோட்டட் என்றால் சரி

அண்ணா,

இன்று காலை மகள் தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெளிநாட்டில் இருக்கும் மேலதிகாரிக்கு ஏதோ யோசனை எழுதிப் போட்டிருந்தாளாம். பதிலாக ஒரே ஒரு சொல் வந்திருந்தது: நோட்டட். "சரின்னுட்டார்மா, இன்னைக்கே ஆரம்பிச்சிடப் போறேன்" என்றாள். "ஆரம்பிக்காதடி, அப்ரூவ்டுன்னு எழுதி வாங்கு" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்தே போனாள். காரணம் கேட்டாள். நீங்கள் கண்ணை மூடி நான்கு வருடம் ஆகிறது. உங்களிடமே வாய்விட்டுச் சொல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

கும்மிடிப்பூண்டியில் அந்தப் பம்பு கம்பெனி தொடங்கிய எழுபதுகளில், நான் பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும் டைப்பிஸ்ட். நீங்கள் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெயின்ட் ஷெட் ஃபோர்மேன். நமக்கு மேலே மேனேஜர், அவருக்கு மேலே கடல் தாண்டி ஒரு தலைமை அலுவலகம். நாம் அதைச் சீமை என்போம். மேனேஜர் அறையில் இரண்டு கடிகாரங்கள் இருக்கும், ஒன்று நம் நேரம், மற்றது சீமை நேரம். மனுஷர் நிமிர்ந்து பார்ப்பது இரண்டாவதைத்தான். ஒரு போல்ட்டின் நீளத்தை மாற்றவும் அங்கிருந்து முத்திரை குத்திய வரைபடம் வர வேண்டும். மாதம் தவறாமல் நான் அடித்து அனுப்பும் அறிக்கையில் கழிவறைக் குழாய் ஒழுகியதுகூட இருக்கும். "தாய்க் கம்பெனின்றாங்க. பெத்த தாயின்னா புள்ளைக்கு இன்னா பசின்னு கேக்க மாட்டா? இது மாமியா மாதிரி இல்ல கீது" என்பீர்கள். ஷெட்டே சிரிக்கும்.

வரைபடத்தில் பம்புக்கு துருப்பிடிக்காமலிருக்க ஒரு கோட் ரெட் ஆக்சைடு பெயின்ட் என்று போட்டிருந்தது. கடற்கரை ஊர்களுக்குப் போன பம்புகளெல்லாம் துரு ஏறித் திரும்பி வந்தன. "சீமைல உப்புக் காத்தே இல்ல போல. எங்க ஊர்ல சன்னல் கம்பியே ஒரு கோட்டுக்குத் தாங்காதும்மா. ரெண்டு கோட் அடிக்கணும்னு எழுது" என்றீர்கள். நான் இங்கிலீஷில் அடித்தேன், மேனேஜர் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது, உங்கள் யோசனை நோட்டட் என்று ஒரே வரி. மேனேஜர் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஃபைலுக்கு அனுப்பினார்.

நம் ஆபீஸில் லீவு லெட்டரின் மூலையில் மேனேஜர் என்ன எழுதுவார்? நோட்டட். எழுதிவிட்டால் லீவு கிடைத்தாயிற்று, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். எனக்குத் தெரிந்த நோட்டட் அதுதான். கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி வந்தேன். "நெஜமா சரின்னுதான் அர்த்தமா? எனுக்கு இங்கிலீசு அவ்ளோ வராதும்மா" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். "நோட்டட்டுன்னா சரிதாண்ணா, ஆரம்பிங்க" என்றேன். படித்த திமிர், வேறென்ன?

நம்மைக் காட்டிக்கொடுத்ததும் என் டைப்ரைட்டர்தான். பெயின்ட் செலவு இரண்டு மடங்கு ஆனது அறிக்கையில் தெரிந்து, ஏன் என்று கேட்டுத் தந்தி வந்தது. அடுத்த தந்தியில், அனுமதி இல்லாத மாற்றத்தை நிறுத்து, விசாரிக்க ஆள் வருகிறார் என்றிருந்தது. அப்போதுதான் மேனேஜர் வாயைத் திறந்தார்: "பாத்தாச்சுன்னு எழுதினா சரின்னு ஆயிடுமா?"

அந்த ஆள் வந்து சேரும்வரை பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தந்திக்காரர் சைக்கிள் மணி கேட்டாலே எழுத்தை மாற்றி அடிப்பேன். நீங்களும் தினம் என் மேஜைக்கு வந்து, "இன்னாம்மா, எதுனா வந்துச்சா?" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்பீர்கள், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். என் பெயரைச் சொல்லிவிடுவீர்களோ என்றுதான் நான் பயந்தேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

விசாரணை அந்த இரண்டு கடிகாரங்களுக்குக் கீழே நடந்தது. சீமை அதிகாரி கேட்டார், மேனேஜர் தமிழில் சொன்னார், நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். "இது அனுமதின்னு உனக்கு யார் சொன்னது?" என் பென்சில் நின்றுவிட்டது. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் அப்டி நெனச்சிக்கினேன்."

நான் தலையைக் குனிந்து அதை எழுதிக்கொண்டேன். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது, இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் காரணம்தான். ஆனாலும் வாயைத் திறந்திருக்கலாம். அன்று சாயந்திரமே உங்கள் வேலை போயிற்று. கேட்டருகே நின்று அழுத என்னைப் பார்த்து, "அழுவாத. எனுக்கு வலை கீது, படகு கீது. உனுக்கு இன்னா கீது?" என்றீர்கள்.

மறு வருடம் புதிய வரைபடம் வந்தது. இரண்டு கோட், முத்திரையோடு. அதைச் சொல்ல உங்கள் ஊருக்கு பஸ் ஏறி வந்தேன். "அப்ப நான் சொன்னது சரிதான்னு கீது" என்று சிரித்தீர்கள். என்னால்தானே எல்லாம் என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் அண்ணி நின்றிருந்தார்கள். வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டிவிட்டு, "மொதல்ல சாப்பிடு" என்றீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்தோம், ஒரு தடவையும் அந்தப் பேச்சை எடுக்க நீங்கள் விடவில்லை.

உங்கள் காரியத்தன்று உங்கள் மகன் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நைனா நல்ல வேலைல இருந்தாரு. அவசரப்பட்டு அவரா இன்னாத்தையோ நெனச்சிக்கினு வேலைய உட்டுட்டாரு. அதுல நாங்க பட்ட கஷ்டம் கொஞ்ச நஞ்சமில்ல." நான் காபி தம்ளரைப் பிடித்தபடி அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

அந்த விசாரணைக் குறிப்பை நான்கு பிரதி அடித்தது நான்தான், அண்ணா. அதில் "யாரும் சொல்லல" என்று நீங்கள் சொன்ன வரி பொய் என்று தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். இப்போது நான் ஒருத்தி மட்டும்.